குற்றத் தடுப்புப் பணமும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குற்றங்களைத் தடுப்பதற்கென்று சர்க்கார் செலவிடும் பணத்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். கல்வி, கைத்தொழில், விவசாயம் முதலிய விஷயங்கள் பல இருக்க, இதனை எடுத்துக்கொள்வானேன் என்று உங்களிற் சிலர் கருதக்கூடும். பிறமலை நாட்டில் பிறந்த நம்மைக் காட்டிலும் இவ்விஷயத்தை ஆராய்வதற்கு உரிமையுடையார் வேறெவரும் இலர் என்பதே என் விடை. நம் பாட்டன்மாரின் பத்து விரல்களையும் மையில் தோய்த்துக் காகிதத்திற் பதித்ததும் குற்றத் தடுப்புக்கென்று ஒதுக்கிய பணமே. நம் தகப்பன்மாரின் கையிற் பலகையும் பலப்பமும் கொடுத்து எழுத்தறிவித்ததும் அதே பணமே. ஒரே நோக்கத்தைச் சொல்லிச் செலவிட்ட பணம் ஒரு கையால் அவமானத்தையும் மறுகையால் அறிவையும் அளித்ததென்றால், அப்பணம் எவ்வழியிற் செல்கிறதென்று விழிப்புடன் பார்ப்பது நமது கடமையாகின்றது.

முதலிற் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சர்க்கார் போலீஸ் வேரூன்றுவதற்கு முன்பு மதுரைச் சீமையில் ஊர்க் காவல் ஒரு பரம்பரைத் தொழிலாக இருந்தது. களத்து நெல்லையும் தொழுவத்து மாட்டையும் காத்தற்காகக் குடியானவர்கள் காவற்காரர்களுக்கு அறுவடையில் ஒரு பங்கை அளந்து வந்தனர். களவு போன பொருளை மீட்டுத் தருதலும், மீட்க இயலாவிடின் ஈடு செய்தலும் காவற்காரரின் பொறுப்பு. குற்றத் தடுப்புக்கென்று ஊரார் தாமே கொடுத்த வரி என்று இதனைச் சொல்லலாம். இம்முறையிலும் கேடுகள் புகுந்தன. மாட்டைக் களவாடியவனே துப்புக் கூலி பெற்றுக்கொண்டு மாட்டைத் திருப்பி ஓட்டிவிடும் வழக்கமும் இருந்தது. நம்மவரிற் சிலர் அவ்வாறு செய்தனர் என்பதை மறைப்பதனாற் பயன் ஒன்றும் இல்லை.

இதன் பயனாக 1896-ம் ஆண்டில் திண்டுக்கல் பகுதியிலிருந்து ஓர் இயக்கம் கிளம்பியது. குடியானவர்கள் ஒன்றுகூடி, இனிக் கள்ளரைக் காவலுக்கு வைத்துக்கொள்வதில்லை என்று உறுதி செய்துகொண்டனர். அவர்கள் ஒரு பொதுநிதி திரட்டினர். அந்நிதியிலிருந்து வேறு காவலாளருக்குச் சம்பளமும், மாடு இழந்தவருக்கு ஈட்டுத் தொகையும் கொடுத்தனர். ஜனங்கள் அதனைப் 'பண்டு' என்றே அழைத்தனர். தற்காப்பிற்கென்று தொடங்கிய அவ்வியக்கத்தின் முடிவில் நம்மவர் வீடுகள் பல தீக்கிரையாயின. குற்றம் செய்தவனும் செய்யாதவனும் ஒருங்கே ஊரைவிட்டு விரட்டப்பட்டனர். குற்றத் தடுப்புப் பணம் செயலை விடுத்துப் பிறப்பைக் குறிவைத்தால் விளைவது என்ன என்பதற்கு இதுவே நம் நாட்டின் முதற்பாடம் எனலாம்.

அதனினும் பெரிய பாடம் பின்னர் வந்தது. 1871-ம் ஆண்டில் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ம் ஆண்டில் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் நீட்டப்பட்டது. 1914-ல் கீழக்குயில்குடிக் கள்ளர்மீது அது பிரயோகிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பிறமலைக் கள்ளர் அனைவரையும் அது சூழ்ந்துகொண்டது. பட்டியலில் ஏறிய ஆடவன் ரேகை பதியவேண்டும். ஊரைவிட்டு வெளியேறினாற் சீட்டுப் பெறவேண்டும். இரவில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ தலையைக் காட்டவேண்டும். புதிதாக மணம் புரிந்தவனும், மனைவி பிரசவ வேதனையில் இருப்பவனும் இதற்கு விலக்கல்லர். பதிவேடு எழுதுவோர் சம்பளமும், ரேகை பதியும் செலவும், காவல் நிற்பாரின் செலவும் ஆகிய யாவும் பொதுமக்கள் கொடுத்த வரிப்பணமே. நிலவரி கட்டிய நம் முன்னோர் தம்மைக் கட்டிய கயிற்றுக்கும் தாமே விலை கொடுத்தனர் என்று சொல்வது மிகையாகாது.

ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ந் தேதி போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். காயமுற்றோருக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றவர் என்று ஊரார் இன்றும் கூறும் மாயக்காள் என்னும் மாதரசியும் அவர்களுள் ஒருவர். அவ்வூருக்கு ஒவ்வோராண்டும் சென்று மலர் தூவி வரும் நாம், அத்தியாகத்திற்குப் பின் நிகழ்ந்த மாறுதலையும் சிந்தித்தல் வேண்டும்.

வெறும் அடக்குமுறையினால் ஆவது ஒன்றுமில்லை என்பதைத் துப்பாக்கிச் சூட்டிற்குப் பின் அதிகாரிகளே உணரத் தலைப்பட்டனர். கள்ளர் சீரமைப்பு என்னும் பெயரால் ஒரு திட்டம் வளர்ந்தது. ஊர்தோறும் பாடசாலைகளும், பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதிகளும் தோன்றின. கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன. கிணறு வெட்டவும் நிலம் திருத்தவும் பணம் கிடைத்தது. அதே காலத்தில் ரேகைப் பதிவும் நிற்கவில்லை. ஒரே திட்டத்தின் இரண்டு கைகள் ஒன்றுக்கொன்று மாறாக வேலை செய்தன. பாடசாலை கட்டிய சர்க்காரே அப்பாடசாலையிற் படித்து வெளிவந்த இளைஞனையும் பட்டியலில் எழுதக் காத்திருந்தது. 'ரோசாப்பூ துரை' என்று நம்மவர் அன்போடு அழைத்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோஸப்பும், பின்னர் முத்துராமலிங்கத் தேவர் அவர்களும், பெயர் தெரியாத கிராமத்துப் பெரியோர் பலரும் போராடியதன் பயனாக, 1947-ம் ஆண்டில் இம்மாகாணத்தில் அச்சட்டம் ரத்தாயிற்று. இந்தியா முழுவதிலும் 1952-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி ஒழிந்தது.

சகோதரர்களே! இவ்விரண்டு செலவுகளில் எஞ்சியது எது என்று பாருங்கள். ரேகைப் பதிவேட்டிற் செலவிட்ட பணத்தின் பயனாக இன்று எஞ்சியிருப்பது கசப்பு ஒன்றே. பாடசாலையிற் செலவிட்ட பணமோ இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களில் ஏறக்குறைய 300 பள்ளிகளாக நிற்கின்றது. அப்பள்ளிகளில் எழுத்துக் கற்றவர்கள் ஆசிரியராகவும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும், ஏன், போலீஸ் அதிகாரிகளாகவும் விளங்குகின்றனர். நம் ஊர்களிற் களவு குறைந்ததற்குக் காரணம் ரேகையா, பள்ளிக்கூடமா, கிணறா என்று கேட்டால், கிணற்று நீர் பாயும் தோட்டத்தில் நிற்கும் கிழவனும் தயங்காமல் விடை கூறுவான்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூர் ஜில்லாவில், ஸ்டூவர்ட்டுபுரம் என்னும் குடியேற்றத்தை இரட்சணிய சேனையார் சர்க்கார் ஆதரவோடு நடத்தினர். எருகுலர் முதலிய மக்கள் அங்கே குடியேற்றப்பட்டனர். நிலமும் பள்ளியும் தந்ததும் உண்மை. வெளியே செல்லச் சீட்டு வேண்டியிருந்ததும், குடியேறியோரின் உழைப்பு மலிவான கூலியாகப் பயன்பட்டதும் உண்மை. சீர்திருத்தம் என்னும் பெயர் ஒன்றே போதுமென்று நாம் இருந்துவிடலாகாது என்பதை அதுவும் உணர்த்துகின்றது.

நிற்க. செல்வத்திற் சிறந்த தேசங்களிலும் இக்கேள்வி தீர்ந்துவிட்டதா என்று பார்ப்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1968-ம் ஆண்டில் ஒரு பெருஞ்சட்டம் செய்து, குற்றத் தடுப்புக்கென்று மத்திய சர்க்கார் ராஜ்யங்களுக்கும் ஊர்களுக்கும் மானியம் வழங்கத் தொடங்கியது. அதற்கென ஏற்பட்ட தனி நிர்வாகம் 1982-ம் ஆண்டில் மூடப்பட்டது. பணத்திற் பெரும்பகுதி போலீசாரின் வாகனங்களுக்கும் கருவிகளுக்குமே போய்விட்டது என்பது அதன்மீது கூறப்பட்ட முக்கியமான குறை. அதற்குப் பின் வந்த மானியங்களுள் ஒன்று, 1988-ம் ஆண்டிற் கடமையின்போது கொலையுண்ட எட்வர்ட் பர்ன் என்னும் இளம் போலீஸ்காரரின் பெயரால் வழங்குகிறது. ஒரு ராஜ்யத்தின் பங்கில் பாதியை ஜனத்தொகையைக் கொண்டும், பாதியை அங்கே பதிவான கொடுங்குற்றங்களைக் கொண்டும் கணக்கிடுகின்றனர்; அதில் நூற்றுக்கு 60 ராஜ்யத்திற்கும் 40 உள்ளூர் ஆட்சிகளுக்கும் செல்லும்.

இதில் நாம் கற்கத்தக்க நன்மை ஒன்றுண்டு. அஞ்சத்தக்க தீமையும் ஒன்றுண்டு. ஓர் ஊராட்சி தனக்குரிய பங்கைத் தானே கேட்டுப் பெறலாம் என்பதும், அதனைப் போலீசுக்கு மட்டுமன்றி நீதிமன்றம், ஏழைகளுக்கு வக்கீல் உதவி, கல்வி, போதைப் பழக்கத்திற்குச் சிகிச்சை முதலியவற்றிற்கும் செலவிடலாம் என்பதும் நன்மை. குற்றத்தின் எண்ணிக்கை உயர்ந்தாற் பங்கும் உயரும் என்ற கணக்கு இருக்குமிடத்தில், ஊருக்குக் கெட்ட பெயர் நிலைத்திருப்பதே வருமானமாகிவிடக்கூடும் என்பது தீமை. எந்த ஊரின் பெயர் நெடுங்காலம் காவல் நிலையக் கணக்கிற் கெட்டுக் கிடந்ததோ, அந்த ஊரார்க்கே இதன் பொருள் நன்கு விளங்கும்.

இனி நம் தேசத்திற்கு வருவோம். அரசியல் சாசனத்தின்படி போலீசும் சிறைச்சாலையும் மாநில சர்க்காரின் பொறுப்பு. ஆயினும் மத்திய சர்க்கார் 1969-ம் ஆண்டு முதல் போலீசை நவீனப்படுத்தும் திட்டத்தின் கீழ் மாநிலங்களுக்கு உதவி வருகிறது. டில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையின் பின், 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி 2013-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அந்நிதியிலிருந்து எட்டுப் பெருநகரங்களிற் பெண்களின் பாதுகாப்புக்கான திட்டங்கள் எடுக்கப்பட்டன; சென்னையும் அவற்றுள் ஒன்று. இத்தகைய செலவை நான் குறை கூறவில்லை. மில் வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் நம் பெண்களுக்குத் தெரு விளக்கும் வேண்டும். கூப்பிட்ட குரலுக்கு வரும் போலீஸ்காரரும் வேண்டும். போலீஸ் வேண்டா என்பது என் வாதமன்று. ஊரின் அச்சம் தீரவும் செலவு வேண்டும். அச்சத்தின் காரணம் தீரவும் செலவு வேண்டும். முதலாவதற்குக் கேட்பார் பலர் உளர். இரண்டாவதற்கு நாம் கேட்டாலன்றிக் கேட்பார் இலர்.

இரண்டாவது வகைச் செலவில் ஒன்றை மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறேன். 2022-ம் ஆண்டின் கணக்குப்படி இந்தியச் சிறைகளிலிருந்த ஏறக்குறைய 5 லட்சத்து 73 ஆயிரம் பேரில், 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணை முடியாதவர்கள். நால்வரில் மூவர் குற்றவாளி என்று தீர்ப்புப் பெறாமலே அடைபட்டிருந்தனர். அவர்களுள் ஜாமீன் கிடைத்தும் பணமின்மையால் வெளிவர இயலாதவரும் உண்டு. இத்தகைய ஏழைகளுக்காக 2023-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் வகுத்தது. விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட முடியாமல் அடைபட்ட தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையிலும் உதவி பெறலாம் என்று அப்போது விதிக்கப்பட்டது. போதைப்பொருள், லஞ்சம் முதலிய சில வகை வழக்குகளுக்கு இது பொருந்தாது. காவலில் வைக்கப்பட்ட எவருக்கும் வருமானக் கணக்குப் பாராமல் இலவச வக்கீல் உதவி உண்டென்று 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமும் கூறுகிறது. ஒருவன் சிறையில் இருக்க, அவன் ஆடுமாடு விலைபோக, மகன் படிப்பை விட்டுக் கூலிக்குச் செல்வானாயின், அடுத்த குற்றத்திற்கு விதை அங்கேயே ஊன்றப்படுகிறது. அக்குடும்பத்தைத் தாங்கும் ரூபாயைவிடச் சிறந்த குற்றத் தடுப்பு ரூபாய் யாது?

மற்றொன்று. குற்றப் பரம்பரைச் சட்டத்தினின்று விடுபட்ட மக்களுக்கென 2022-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்திற்கு, 2021-22 முதல் ஐந்தாண்டுகளுக்கு 200 கோடி ரூபாய் குறிக்கப்பட்டது. பரீட்சைப் பயிற்சி, மருத்துவக் காப்பீடு, தொழில் உதவி, வீடு கட்ட உதவி என நான்கு பிரிவுகள் அதில் உண்டு. தேசம் முழுவதும் பரந்து கிடக்கும் மக்களுக்கு இத்தொகை பெரிதன்று. அச்சிறு தொகையையும் பெறுதற்குச் சான்றிதழ் ஒன்று வேண்டும். 1979-ம் ஆண்டில் நம் மாநிலத்தில் 'சீர்மரபினப் பழங்குடியினர்' என்பது 'சீர்மரபினர் சமூகங்கள்' என மாற்றப்பட்டதனால் எழுந்த இடையூறு, நெடுநாட் கிளர்ச்சிக்குப் பின் 2019-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் காரியங்களுக்குத் தனிச் சான்றிதழ் வழங்க உத்தரவான பிறகே தளர்ந்தது. ஒரு சொல் மாறியதனால் ஒரு தலைமுறையின் உதவி தடைப்படக்கூடும் என்பதை நம் இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும்.

பழைய பட்டியல் ஒழிந்துவிட்டது. இனி அஞ்சுவதற்கு என்ன இருக்கிறதென்று கேட்பாரும் உளர். குற்றப் பரம்பரைச் சட்டம் ரத்தான மறு ஆண்டே, 1948-ல், இம்மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று பிறந்தது. பிற மாநிலங்களிலும் அத்தகைய சட்டங்கள் எழுந்தன. பெயர் மாறினும் சந்தேகக் கண் மாறவில்லை. 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் வழங்கிய ஒரு தீர்ப்பில், சிறை விதிகளில் ஜாதி பார்த்து வேலை கொடுக்கும் வழக்கத்தையும், விடுபட்ட மக்களைப் பிறவியிலேயே குற்றவாளிகளாகக் கருதும் விதிகளையும் செல்லாதவை என்று தள்ளினர். சட்டம் ஒழிந்து 70 ஆண்டுகள் கடந்தும் இப்படியொரு தீர்ப்புத் தேவைப்பட்டதென்றால், பதிவேட்டின் ஆயுள் எவ்வளவு நீளமானது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நாளை புதிய யந்திரங்கள் வரும். முகத்தைக் கண்டு பெயர் சொல்லும் காமிராக்கள் வரும். அவற்றுக்கும் குற்றத் தடுப்புப் பணமே செலவாகும். யாருடைய முகம் முதலில் அப்பட்டியலிற் சேரும் என்று கேட்கும் உரிமை, ரேகை பதிந்தவர் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு உண்டு.

ஆகவே, குற்றத் தடுப்புக்கென்று எந்தப் பணம் நம் ஊருக்குள் வந்தாலும் நாம் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். முதலாவது, இப்பணம் குற்றச் செயலைத் தேடுகிறதா, ஒரு பிறப்பைத் தேடுகிறதா? இரண்டாவது, பணம் தீர்ந்தபின் ஊரில் நிற்கப்போவது யாது? பள்ளியா, கிணறா, தொழிலா, அன்றி ஒரு பட்டியலா? மூன்றாவது, இதன் கணக்கை ஊரார் பார்க்க இயலுமா? இம்மூன்றுக்கும் நேரான விடை கிடைக்கும் செலவை இரு கை நீட்டி வரவேற்போம். கிடைக்காத செலவைச் சட்டத்தின் வழியே எதிர்ப்போம்.

நம் சங்கத்தார் செய்யத்தக்கவை சிலவற்றையும் கூறி அமைகிறேன். கிளைச் சங்கந்தோறும் ஒரு கணக்குப் புத்தகம் வைத்து, தம் ஊருக்கு வந்த உதவித் திட்டங்களையும், வந்த தொகையையும், அடைந்தவர் எத்தனை பேர் என்பதையும் எழுதி வரவேண்டும். தெரியாதவற்றை 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்திற் கேட்கலாம். 30 நாட்களில் விடை தரவேண்டும் என்பது விதி. சிறைப்பட்டவர் குடும்பத்தை ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை விடுத்து, ஜில்லா சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்ல ஒவ்வோர் ஊரிலும் இருவரை நியமிக்க வேண்டும். 15100 என்னும் தொலைபேசி எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதிவைக்கலாம். சீரமைப்புப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்ப்பதாக 2023-ம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தபோது நம் ஜில்லாக்களில் எழுந்த கவலையை நீங்கள் அறிவீர்கள். எந்தத் துறையின் கீழ் இருப்பினும், ஆசிரியர் உண்டா, கூரை ஒழுகுகிறதா, பிள்ளைகள் வருகின்றனரா என்பவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் அமர்ந்து கேட்க வேண்டியவர் பெற்றோரே. அக்குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. தாய்மார்கள் இவ்விடத்தை விட்டுக்கொடுத்தல் கூடாது.

இவ்வளவும் கேட்பதற்கு நமக்குத் தகுதி வேண்டுமாயின், நம்முடைய நடத்தையும் அதற்கேற்ப இருத்தல் வேண்டும். குற்றம் செய்தவனை ஜாதி அபிமானத்தால் மறைத்து வைப்பது, ஜாதியைக் காரணமாகக் கொண்டு ஒருவனைக் குற்றவாளி என்பதற்கு ஒப்பான அநீதியே. நம் ஊரில் மற்றச் சமூகத்து ஏழைகளும் இருக்கின்றனர். நாம் பெறும் விளக்கும் கிணறும் வக்கீல் உதவியும் அவர்களுக்கும் சேரவேண்டும் என்று நாமே முன்னின்று கேட்போமாயின், நம் கோரிக்கைக்கு வலிமை இரட்டிக்கும்.

கிளைச் சங்கங்களின் கணக்குப் புத்தகத்தைப் பற்றி நான் கூறியதை ஒரு தீர்மானமாக ஏற்று, அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அப்புத்தகங்களை இம்மேடையிற் கொண்டுவந்து வைக்கும்படி அக்கிராசனர் அவர்களையும் சபையோரையும் கேட்டுக்கொள்கிறேன்.